குளிர் ஊரில் தயிர் உறைய

பண்டாரவளை

அன்பு மகளுக்கு,

கொழும்பில் எட்டு மணித்தியாலத்தில் பொங்கின தோசை மா, நுவரெலியாவில் விடிந்தும் அசையவில்லை, தயிரும் உறையவில்லை என்றாய். உன் கையிலும் உளுந்திலும் குறையில்லை. மாவையும் பாலையும் புளிக்க வைக்கிற பற்றீரியாக்களுக்குச் சூடு வேண்டும். அங்கே ராத்திரிக் குளிரில் அவை சுருண்டு கிடக்கும்.

முதலில் தயிர். ஒரு லீட்டர் பசும்பாலைப் பொங்கக் காய்ச்சி, இன்னும் பத்து நிமிடம் சிறு தீயில் வை. பாலின் புரதம் அப்போதுதான் தயிரைக் கெட்டியாகப் பிடித்து நிற்கும். பிறகு 43 பாகை வரை ஆறவிடு. வெப்பமானி இல்லையென்றால் கழுவின சுண்டுவிரலை விட்டுப் பத்து வரை எண்ணு. சூடு நன்றாகத் தெரிய வேண்டும், ஆனால் விரலை இழுத்துக்கொள்ளத் தோன்றக்கூடாது. இரண்டு மேசைக்கரண்டி உறைதயிரைக் கொஞ்சம் பாலில் கரைத்து ஊற்றி, மெல்லக் கலக்கு. சட்டியை மூடிக் கம்பளியால் சுற்றி, இரண்டு பக்கமும் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்து ஒரு பெட்டிக்குள் இறக்கு. ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் அசைக்காதே.

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் பற்றீரியா செத்துப்போகும், காலையில் வெறும் பால்தான் இருக்கும். ஆறிப்போன பாலில் ஊற்றினால் சாகாது, ஆனால் வேலை செய்ய நேரம் எடுக்கும். அதற்குள் வேறு கிருமிகள் பாலைப் பிடித்துக்கொள்ளும். நல்ல பற்றீரியா பாலின் இனிப்பைத் தின்று அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தில்தான் பால் உறைகிறது, கெடுக்கிற கிருமிகள் பலவும் பெருக முடியாமல் போகின்றன. அதனால் யார் முந்துகிறார்கள் என்பதுதான் காரியம். நூல் மாதிரி இழுபட்டாலோ, கசந்தாலோ, மேலே பூஞ்சணம் பிடித்தாலோ கொட்டிவிடு. தெளிந்து நிற்கிற மஞ்சள் தண்ணீர் கெடுதலில்லை.

மாவுக்கும் அதே வழிதான். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் ஊறப்போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதே. அடுப்பு ஓரத்தில் வைத்தாலும் பதினாறு மணித்தியாலம் வரை எடுக்கலாம். அவசரப்பட்டுச் சோடா போடாதே. பொங்கும், புளிப்பு வராது.

தேயிலைத் தொழிற்சாலையில் அரைத்த கொழுந்தைப் பரப்பி வைத்துப் 'புளிக்க விடுகிறோம்' என்பார்களே, அங்கே வேலை செய்வது கிருமி இல்லை. இலையிலேயே இருக்கிற நொதியம், காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து அதைக் கறுக்க வைக்கிறது.

இனிச் சூட்டால் கொல்ல வேண்டியவை. மலை ஊற்றிலிருந்து வந்து விழுகிற பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், அதை நம்பாதே. மேலே தோட்டத் தொழிலாளரின் லய வீடுகளும் கக்கூசும் இருந்தால் நெருப்புக்காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் அதே தண்ணீரில் இறங்கி வரும். உங்கள் உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல அது போதும், ஆனால் குமிழி புரண்டு எழுந்த பிறகு மூன்று நிமிடம் விடு. ஆறின தண்ணீரில் கோப்பையை முக்கி எடுக்காதே, சாய்த்து ஊற்று. கையிலிருந்து கிருமி திரும்பப் போனால் காய்ச்சினதெல்லாம் வீண்.

பேரனுக்கு டொக்டர் அன்டிபயோட்டிக் கொடுத்தால், சொன்ன நாள் முழுக்கக் கொடு. காய்ச்சல் விட்டது என்று நடுவில் நிறுத்தாதே, மிச்ச மருந்துப் பாணியை அடுத்த சளித் தடிமனுக்கு எடுத்து வைக்காதே. தடிமன் வைரசால் வருவது, அந்த மருந்து அதைத் தொடாது. குடலில் குடியிருந்து நமக்கு விற்றமின் கே செய்து தருகிற பற்றீரியாக்களையும் அது சேர்த்து அழிக்கும். மருந்து குடிக்கும் நாட்களில் வயிறு இளகுவது அதனால்தான்.

வயிற்றோட்டம் கண்டால், உப்பும் சீனியும் கலந்த ஜீவனித் தூள் ஒரு பக்கெட்டை, காய்ச்சி ஆறின ஒரு லீட்டர் தண்ணீரில் முழுசாகக் கரை. பாதிப் பக்கெட்டை மதிப்பாகக் கரைத்தால் உப்பின் அளவு பிசகும். கரண்டி கரண்டியாகக் கொடு, 24 மணித்தியாலம் கழிந்தால் மிச்சத்தைக் கொட்டு. தாய்ப்பாலை நிறுத்தாதே. மலத்தில் இரத்தம் வந்தாலோ, கண் குழிந்தாலோ, ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. மழை, இருட்டு என்று பார்க்காதே.

அம்மா