காட்டில் இடம் பார்த்த வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாகசபை உறுப்பினர்கள், பெற்றோர், எங்கள் தம்பி தங்கைமார் அனைவருக்கும் வணக்கம்.

வழமையான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது, கார்த்திகைக் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. முதலுதவி வகுப்பு இரண்டு தடவை நடந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மிச்ச நேரமெல்லாம் ஒரே வேலைக்குத்தான் போனது. வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் 400 பிள்ளைகள் 5 இரவு தங்கப்போகிற பாசறைக்கு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு காட்டு இடம் தேடினோம்.

ஏன் ஆகஸ்ட் என்று பலர் கேட்டீர்கள். டிசம்பர் விடுமுறையில் மட்டக்களப்பில் கூடாரம் அடிக்க முடியாது, மாரி மழை விடாது. சித்திரையில் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரிக்க யாருக்கும் மனம் வராது. அப்போ ஆகஸ்ட்தான். ஆனால் ஆகஸ்டில் கச்சான் காற்று அடிக்கும், குளங்கள் வற்றும், சிறுபோக அறுவடைக்கு ஆனைகள் வயலோரம் வரும். இந்த மூன்றையும் வைத்துத்தான் இடம் பார்க்க வேண்டும் என்பதை நாங்கள் அலைந்துதான் படித்தோம்.

முதல் இடம் பார்த்தது மாசியில். செங்கலடி–பதுளை வீதியால் போய், கரடியனாறு தாண்டி, கிரவல் பாதையில் உள்ளே இறங்கினால் ஒரு சின்னக் குளம். நிறைந்த தண்ணீர், கரையோரம் வரிசையாக மருதமரம், நல்ல நிழல். எல்லோருக்கும் பார்த்தவுடனே பிடித்துப்போய், சமையல் எங்கே, கூடாரம் எங்கே என்று கயிறுகூடக் கட்டிவிட்டோம். பக்கத்தில் மாட்டுப்பட்டி வைத்திருந்த ஒரு ஐயா இதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னை ஒரு மருதமரத்தடிக்குக் கூட்டிப்போனார். என் தலைக்கு இரண்டு சாண் மேலே, பட்டையில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. உரசி உரசி அந்த இடம் மட்டும் வழுவழுப்பாகிவிட்டது, சேற்றுக்குள்ளே தடித்த கறுப்பு மயிர் இரண்டு ஒட்டியிருந்தது. "ஆனை முதுகு தேய்க்கிற மரம் தம்பி. நீங்க பிள்ளையளப் படுக்கப் போடப்போறது அதுகள்ட பாதையில" என்றார்.

அன்று இரவு அவருடைய பரணிலேயே நாங்கள் நான்கு பேர் தங்கினோம். ஏழரை மணியிருக்கும், கொப்பு முறியும் சத்தம் கேட்டது, அப்புறம் தண்ணீர் உறிஞ்சும் சத்தம். குட்டியோடு ஐந்து ஆனைகள், நாங்கள் சமையலுக்கென்று கயிறு கட்டிய இடத்தால் நடந்து கரைக்குப் போயின. அந்த இடத்தை அந்த இரவோடு விட்டோம். பொழுதுபட்டால் தண்ணீருக்கு வருவது அவற்றின் வழமை, குறுக்கே போய் விழுந்தது நாங்கள்தான்.

இரண்டாவது இடம் உன்னிச்சைப் பக்கம். பங்குனியில் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. ஆகஸ்டில் திரும்பப் போனோம், அங்கிருந்த குளம் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கி, சுற்றி வெடித்த சேறு. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. இனிமேல் யார் எங்கே இடம் பார்த்தாலும், பாசறை நடக்கிற அதே மாதத்தில், முந்தின வருடமே போய்ப் பார்க்க வேண்டும், ஒரு இரவாவது அங்கே படுக்க வேண்டும். இதை நிர்வாகசபை தீர்மானமாகவே பதிந்திருக்கிறோம்.

மூன்றாவது இடம்தான் அமைந்தது. ஆனைக்குப் போட்ட மின்வேலிக்கு ஊர்ப்பக்கமாக, காடு வெட்டிப் பயிர் செய்து கைவிட்ட பழைய சேனை நிலம், கொஞ்சம் மேடு, பாலை மரமும் வீரை மரமும் இடைவிட்டு நிற்கின்றன. குளம் கிட்ட இல்லை, அது எங்களுக்கு நல்லதே. குளத்தில் முதலை உண்டு, பிள்ளைகள் குளிக்க இறங்குவார்கள். தண்ணீருக்கு ஒரு பழைய கட்டுக்கிணறு. ஒரு ஆளுக்கு நாளைக்கு 15 லீற்றர் என்று கணக்கிட்டால் 400 பேருக்கு 6,000 லீற்றர் வேண்டும். ஆகஸ்ட் வெயிலில் இரண்டு மணித்தியாலம் பம்ப் வைத்து இறைத்து, கயிற்றில் முடிச்சுப் போட்டு எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்று அளந்தோம். குளிக்க, கழுவக் காணும், குடிக்கவும் சமைக்கவும் தண்ணீர் பவுசர் வரவேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சோதனைக்கு எடுத்துப் போனார், பாசறைக்கு முன் குளோரின் இடுவோம்.

மலசலகூடம் 20 பேருக்கு ஒன்று, ஆகவே 20 குழி. கிணற்றிலிருந்து 100 அடிக்கு மேல் தள்ளி, பள்ளப்பக்கமாக. கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் கூடாரங்கள் மேற்கே, குழிகள் தென்கிழக்கு மூலையில், சமையல் வடகிழக்கு மூலையில். பொறி பறந்தால் கூடாரப்பக்கம் வராது. காய்ந்த புல் அந்த மாதம் தொட்டால் பற்றும், சமையலைச் சுற்றிப் பத்தடிக்கு மண் தெரியச் செதுக்க வேண்டும். தரை கிரவல், கூடாரம் கட்டுகிற மரமுளை இறங்கவில்லை, நான்கை அடித்து நான்கும் பிளந்தன. இரும்புக் கம்பியில்தான் முளை வெட்ட வேண்டும்.

அரிசி, உப்பு, பழம் எதுவும் இரவில் அங்கே இருக்கக் கூடாது, வாசத்துக்கு ஆனை வேலியையும் தள்ளிக்கொண்டு வரும். ஊர்ப் பொதுமண்டபத்தில் வைத்து அன்றன்றைக்குத் தேவையானதை லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கொண்டுவருவோம். பாம்பு விஷயத்தில் பெற்றோரிடம் மன்றாடிக் கேட்கிறேன், சப்பாத்தும் டோர்ச்சும் இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ இல்லை, காலை அசைக்காமல் நேரே வைத்தியசாலைக்கு. அதற்காகவே வாகனம் ஒன்று இரவு பகல் நிற்கும், பாதையை இரவில் ஒருமுறை ஓட்டியும் பார்த்துவிட்டோம்.

யுத்தம் நடந்த காடு என்பதால், நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதி என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் மண்வெட்டி வைத்தோம். அனுமதிக் கடிதங்களில் ஒன்று ஒரு அலுவலகத்தில் மூன்று மாதம் கிடந்தது, நான்கு தடவை போனேன். இரண்டு கிழமை முன்னர் அது கையில் கிடைத்தது.

கிராம சேவையாளருக்கும், கிணற்றைத் திறந்துவிட்ட குடும்பத்துக்கும், ஐந்து தடவை எங்களோடு அலைந்த பஸ் சாரதி அண்ணனுக்கும் சங்கத்தின் நன்றி. பட்டிக்கார ஐயாவுக்கு நேரில் போய் நன்றி சொன்னோம். பாசறை நாட்களில் இரவுக் காவலுக்குத் தானும் வருவதாகச் சொன்னார், ஒரு முட்டி தயிரும் தந்துவிட்டார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கிணறு இறைத்துச் சேறு எடுக்கிறோம். 15 பேர் வேண்டும், பெயரைக் கூட்டம் முடிய என்னிடம் தாருங்கள். வாளி, கயிறு சங்கத்தில் இருக்கிறது, மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டுவாருங்கள்.

செயலாளர்