மெர்சிடிஸுக்கு மஞ்சள் கைப்பிடி ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் கிள்ளான் வாசகர் ஒருவர், மெர்சிடிஸ், பிஎம்டபிள்யூ வைத்திருப்பவர்கள் ரோன்95 (மலேசியாவில் அரசு மானியம் தரும், மஞ்சள் கைப்பிடிப் பம்பில் வரும் பெட்ரோல்) ஊற்றுவது இஞ்சினுக்கும் கேடு, நாட்டுக்கும் கேடு என்று எழுதியிருந்தார். நாட்டைப் பற்றி அவர் சொன்னதை விவாதிக்கலாம். இஞ்சினைப் பற்றிச் சொன்னது பாதிதான் சரி. அந்தப் பாதியை முழுசாக நம்பி எங்கள் ஊரில் சிலர் காசை விடுகிறார்கள். இன்னும் சிலர் அதெல்லாம் கதை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டு இஞ்சினையே விடுகிறார்கள்.

சுங்கை சிப்புட்டில் ஒரு உதிரிபாகக் கடையின் கல்லாவில் உட்காருபவள் நான். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் பெரிய கார் என்றால் அது தோட்டத்தை நடத்திய துரையின் கார்தான். இன்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்து, புது மைவி (நம் நாட்டுச் சின்னக் கார்) வாங்கும் காசுக்குப் பழைய பிஎம்டபிள்யூ ஒன்றைப் பிடித்து, தீபாவளிக்கு ஓட்டி வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கைமாறி வந்த காரில் கையேடு இருப்பதில்லை. எந்த எண்ணெய், அதாவது எந்தப் பெட்ரோல், அடிப்பது என்பதை விற்றவர் ஒரு மாதிரி சொல்வார், பட்டறைக்காரர் ஒரு மாதிரி சொல்வார், மச்சான் இன்னொரு மாதிரி சொல்வார்.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். ரோன் என்பது பெட்ரோலின் ஆக்டேன் எண். 95, 97 என்பவை பெட்ரோலின் சக்தியையோ சுத்தத்தையோ அளப்பவை அல்ல. பிஸ்டன் மேலே வந்து காற்றையும் பெட்ரோலையும் அமுக்கும்போது கலவை சூடேறும். பிளக் பொறி விட்ட பிறகு தீ சீராகப் பரவ வேண்டும். அது போய்ச் சேருவதற்குள் மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் இஞ்சின் தட்டும். தகர டப்பாவில் நட்டுகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். அப்படித் தட்டிக்கொண்டே ஓடினால் பிஸ்டனும் ரிங்கும் கேஸ்கெட்டும் அடிவாங்கும். எண் கூடக் கூட, தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறன் கூடும். சோதனைக்கூடத்தில் ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து, இரண்டும் கலந்த கலவையோடு ஒப்பிட்டுத்தான் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) வைத்த இஞ்சினும், கலவையை அதிகமாக அமுக்கும் இஞ்சினும் இந்தத் திறனைக் கேட்கும். மற்றதற்கு அது தேவையில்லை. சாகா மாதிரி சாதாரணக் காரில் ரோன்97 ஊற்றிவிட்டு "இழுவை கூடிடுச்சு அக்கா" என்று சொல்பவர்களை நான் மறுப்பதில்லை. காசு கொடுத்தவருக்கு அந்த நிம்மதியாவது மிஞ்சட்டும்.

ஆடம்பரக் காருக்கு வருவோம். பெட்ரோல் ஊற்றும் வாயின் கதவைத் திறந்தால் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வியாபாரியின் பேச்சை விட அது நம்பகமானது. பல ஜெர்மன் கார்களில் குறைந்தபட்சம் 95 என்றே இருக்கும். அவற்றுக்கு நம் நாட்டு மஞ்சள் கைப்பிடியே போதும். ரோன்97 வரும் பச்சைக் கைப்பிடியைத் தூக்குவது உங்கள் விருப்பம், இஞ்சின் கேட்டதல்ல. சில கார்களில் 98 பரிந்துரை, குறைந்தபட்சம் 95 என்று இரண்டு எண் இருக்கும். இங்கேதான் குழப்பம் வருகிறது. இப்படிப்பட்ட கார்களில், தட்டலைக் கேட்கும் உணரி ஒன்று இஞ்சினிலேயே இருக்கும். அது எச்சரித்ததும் கணினி பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும். இஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் இழுவை கொஞ்சம் குறையும், பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும். சந்தைக்கும் கோயிலுக்கும் ஓடும் காரில் இது தெரியவே தெரியாது. ஐந்து பேரை ஏற்றி, ஏர்கோனைப் போட்டு, சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது தெரியும். அந்த மாதிரிப் பயணத்துக்கு முன்னால் ரோன்97 அடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். தாங்கியில் 95 மிச்சமிருந்தாலும் பாதகமில்லை. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 96 ஆகும், அவ்வளவுதான்.

குறைந்தபட்சமே 98 என்று எழுதியிருந்தால் பேச்சே இல்லை. அந்தக் காரை வாங்கியவர் அந்த எண்ணெய்க்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார். பெட்ரோன் நிறுவனத்தின் பிளேஸ் 100 (ரோன் 100) போன்றது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் ரோன்97 ஊற்றிக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை அமுக்காமல் ஊர் போய்ச் சேருங்கள். தட்டலைக் கேட்கும் உணரி இல்லாத பழைய மெர்சிடிஸ் வைத்திருக்கும் பெரியவர்கள் காதைத்தான் நம்ப வேண்டும். மேட்டில் சத்தம் கேட்டால் எண் கூடிய பெட்ரோலுக்கு மாறுங்கள்.

அல்பார்ட், வெல்ஃபயர் போன்ற ரீகோன் கார்களின் (ஜப்பானில் ஓடி, இங்கே இறக்குமதியாகும் பழைய கார்களின்) கதை வேறு. கல்யாணத்துக்கு வாடகைக்கு ஓடுபவை பெரும்பாலும் இவைதான். ஜப்பானில் ஓடியவை என்பதால் தாளில் இருப்பது ஜப்பானிய எழுத்து. அதைப் படிக்கத் தெரியாததால் "பெரிய வண்டி, 97 ஊத்து" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். ஜப்பானில் சாதாரணப் பெட்ரோல் என்றால் குறைந்தது 89, உயர்தரம் என்றால் குறைந்தது 96. 2.5 லிட்டர் அல்பார்ட் அங்கே சாதாரணப் பெட்ரோலில் ஓடிய வண்டி. இங்கே ரோன்95 ஊற்றினாலே அதற்கு விருந்துதான். தாளில் உயர்தரம் என்று எழுதிய வண்டியானால் ரோன்97 ஊற்றுங்கள். கைப்பேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்தால் ஒரு நிமிட வேலை.

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் தம்பிகளும் உண்டு. அங்கே பம்பில் 91 என்று இருப்பது நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 95. அவர்கள் ரோனையும், அதைவிடக் கடுமையான இன்னொரு சோதனையின் எண்ணையும் கூட்டிச் சராசரி போடுகிறார்கள். அங்கே 93 என்பது இங்கே 97, 98-க்குப் பக்கத்தில் வரும். எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும்.

ரோன்97 இஞ்சினைக் கழுவும் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வதையும் விளக்கிவிடுகிறேன். அவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. 2015 செப்டம்பரில் ரோன்97 யூரோ 4எம் என்ற மலேசிய எரிபொருள் தரத்துக்கு மாறியது. அந்தத் தரத்தில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் போகக்கூடாது. ரோன்95 அப்போது 500 வரை அனுமதித்த பழைய தரத்திலேயே நின்றது. 2020 ஜனவரியில்தான் அதுவும் யூரோ 4எம் ஆனது. ஆக, நடுவில் இருந்த அந்தச் சில வருடங்களில் பச்சைக் கைப்பிடி உண்மையிலேயே சுத்தமானது. அதற்குப் பிறகு கந்தக வரம்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, பேச்சு மட்டும் மாறவில்லை. அதோடு, இப்போதைய பல ஆடம்பரக் கார்களில் பெட்ரோல் நேராக எரியும் அறைக்குள் பாய்கிறது. காற்று உள்ளே வரும் வால்வின் மேல் அது படுவதே இல்லை. அந்த வால்வில் படியும் கரியை எந்த எண் பெட்ரோலும் கழுவ முடியாது.

என் கடையிலேயே ஆக்டேன் கூட்டும் போத்தல் விற்கிறேன். கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், ஆனால் கூடவே ஒன்று சொல்வேன்: பல போத்தல்களில் 'புள்ளி' என்பது ரோன் எண்ணில் பத்தில் ஒன்று. பத்துப் புள்ளி ஏறும் என்றால் 95 போய் 96 ஆகும், 105 ஆகாது. அந்தக் காசுக்கு நல்ல பிளக்கும், நேரத்துக்கு இஞ்சின் ஆயிலும் மாற்றலாம். (அதையும் நான்தான் விற்கிறேன், ஒத்துக்கொள்கிறேன்.)

இனி கிள்ளான் வாசகரின் மானியப் பேச்சு. 2025 செப்டம்பர் 30-இல் புடி95 என்ற ரோன்95 மானியத் திட்டம் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டபோது, மைகார்டும் (அடையாள அட்டை) செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் உள்ளவருக்கு லிட்டர் 1.99 வெள்ளி (ரிங்கிட்), மாதம் 300 லிட்டர் வரை என்று அறிவித்தார்கள். மானியம் இல்லாத விலை அப்போது 2.60. ஆளைப் பார்த்துக் கொடுத்தார்கள், காரைப் பார்த்து அல்ல. பணக்காரருக்கு எதற்கு என்று கேட்பது நியாயமான கேள்விதான், அதை நாடாளுமன்றத்தில் கேட்கட்டும். பத்து வருடப் பழைய பிஎம்டபிள்யூவை ஐந்து வருடக் கடனில் ஓட்டும் லோரி டிரைவரின் மகனைப் பணக்காரர் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ரோன்97 விலை மூன்று வெள்ளிக்கு மேல் போகும் காலத்தில், அறுபது லிட்டர் தாங்கியை ஒருமுறை நிரப்பினாலே அவருக்கு அறுபது வெள்ளிக்கு மேல் வித்தியாசம் வரும். இஞ்சின் கேட்காத எண்ணெய்க்கு அதை ஏன் கொடுக்க வேண்டும்?

பழைய கார் விற்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாவியோடு, அந்தக் காருக்குக் குறைந்தபட்சம் எந்த ரோன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ரீகோன் வண்டி என்றால் அந்த ஜப்பானியத் தாளை மலாயிலோ தமிழிலோ மொழிபெயர்த்து ஒட்டுங்கள். உங்கள் வாகனப் பக்கத்திலும் ஒரு வாரம், நம்மவர்கள் அதிகம் வாங்கும் ரீகோன் கார்களையும் அவற்றுக்கான எண்ணெயையும் ஓர் அட்டவணையாகப் போட்டால், அதை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
உதிரிபாகக் கடை வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்