கோஷத்தோடு நிலப் பதிவேடும் வேண்டும்

ஆசிரியருக்கு,

புலம்பெயர்ந்தவர்கள் தாய்நாட்டு ஊழலை எதிர்ப்பது என்றாலே தூதரக வாசலில் பதாகை பிடிப்பது என்று ஆகிவிட்டது. பிடிக்கட்டும். ஆனால் கொள்ளையடித்த பணம் வீடாகவும் காராகவும் மாறும் ஊரில்தான் இவர்கள் குடியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பதிவேடுகளைப் புரட்டுகிறவர்கள் மிகக் குறைவு.

பிரான்சில் 2007 மார்ச்சில் ஆப்பிரிக்க ஆட்சியாளர் குடும்பங்களின் சொத்துகள் குறித்து முதல் புகார் கொடுத்த மூன்று அமைப்புகளில் ஒன்று, புலம்பெயர்ந்த கொங்கோ மக்களின் கூட்டமைப்பு. போலீஸ் சொத்துப் பட்டியலைத் தயாரித்தும், அந்த ஆண்டே அரசு வழக்கறிஞர் கோப்பை மூடிவிட்டார். 2008 டிசம்பரில் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பின் பிரெஞ்சுக் கிளையும் காபோன் குடிமகன் ஒருவரும் நேராக விசாரணை நீதிபதியிடம் போனார்கள். குடிமகனின் மனு தள்ளுபடியானது. அவர் காபோனில் சிறைக்கும் போனார். அமைப்பின் மனுவை மட்டும் 2010 நவம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இப்போது அதற்குச் சட்டமே உண்டு: பதிவாகி ஐந்து ஆண்டுகள் ஆன, அரசு அங்கீகாரம் பெற்ற ஊழல் எதிர்ப்பு அமைப்பு வழக்கில் தரப்பாகலாம். ஆகவே நேற்றுத் தொடங்கிய சங்கம் தன் கோப்பை அப்படியோர் அமைப்பிடம் கொடுப்பதே உத்தமம். தாய்நாட்டில் உறவினர் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பும் அதுதான்.

கோப்பில் தேதிதான் உயிர்; எது முதலில் நடந்தது என்பதை அதுவே காட்டும். அந்தப் புகார்களிலிருந்து எழுந்த, ஆப்பிரிக்க நாடான எக்குவடோரியல் கினி அதிபரின் மகன் தியோடோரின் ஒபியாங் வழக்கே சாட்சி. பாரிஸ் அவென்யூ ஃபோஷ் 42இல் இருந்த அவரது மாளிகை ஐந்து சுவிஸ் நிறுவனங்களின் பெயரில் இருந்தது. விசாரணை நெருங்கியதும், 2011 செப்டம்பர் 15 அன்று பங்குகளைத் தன் நாட்டு அரசுக்கே விற்றார். அந்த மாதக் கடைசியில் போலீஸ் வந்து கார்களை அள்ளிச் சென்றது. அக்டோபர் 4 அன்று அந்த மாளிகை தங்கள் தூதரகக் கட்டடம் என்று பிரான்சுக்குக் கடிதம் வந்தது. வாசலில் அறிவிப்புத் தாளும் ஒட்டினார்கள். 2020இல் சர்வதேச நீதிமன்றம் அந்தக் கதையை ஏற்கவில்லை. 2021 ஜூலையில் தண்டனையும், 3 கோடி யூரோ அபராதமும், சொத்துப் பறிமுதலும் உறுதியாயின. முதல் புகாரிலிருந்து 14 ஆண்டுகள்!

பிரான்சில் தேடுவது இப்படி. நில வரைபட இணையதளத்தில் மனையின் பிரிவையும் எண்ணையும் இலவசமாக எடுக்கலாம். அதை வைத்து நிலப் பதிவு அலுவலகத்தில் படிவம் கொடுத்து, சிறு கட்டணம் கட்டினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். பெரும்பாலும் அது ஒரு நிறுவனமாகத்தான் இருக்கும். நிறுவனப் பதிவேட்டில் அதன் சாசனத்தையும் நிர்வாகியின் பெயரையும் பாருங்கள். ஆட்சியாளரின் மைத்துனரோ கணக்கரோ அங்கே அகப்படலாம். நிறுவனத்தின் பின்னால் இருக்கும் உண்மையான பயனாளியின் பெயர்தான் சிக்கல். 2022 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பயனாளிகள் பதிவேடு பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது. தக்க காரணம் காட்டும் பத்திரிகையாளரும் அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். இங்கிலாந்தில் நிறுவனப் பதிவேடு எல்லோருக்கும் இலவசம்.

பெயர் போட்டு வெளியிடும் முன் ஆதாரம் முழுவதும் கையில் இருக்க வேண்டும். பிரெஞ்சு அவதூறு வழக்கில், உண்மையை நிரூபிக்கிறேன் என்று சொல்ல விரும்புபவருக்குச் சம்மன் கிடைத்ததிலிருந்து பத்தே நாள்தான் அவகாசம். அந்தப் பத்து நாளில் போய் ஆவணம் தேட முடியாது. முகநூல் பதிவுக்கும் இதே விதிதான். இலங்கை ஊழலைப் பற்றி இங்கே எழுதும் நம்மவர்கள் இதைச் சட்டை செய்வதே இல்லை.

இன்னொன்று: அகதி அந்தஸ்து பெற்றவர்கள் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று சொந்த நாட்டுத் தூதரகத்துக்குப் போகக் கூடாது. அந்த அந்தஸ்தே பறிபோகலாம். பிறப்பு, திருமணச் சான்றுகளை பிரெஞ்சு அகதிகள் அலுவலகமே தரும்.

வாசகர்,
பாரிஸ்