என் துருப் படிப்புக்குத் துணை நின்ற காரைக்குடிக்கு

அன்புள்ள ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, கடைக்காரப் பெரியவர்களே,

வணக்கம். முதுகலை வேதியியல் முடித்து ஊர் வந்து சேர்ந்துவிட்டேன். ஆய்வேட்டில் நன்றியுரைக்கென்று ஒரே ஒரு பக்கம்தான் உண்டு. அதற்கும் வரிசை இருக்கிறது: இறைவன், துறைத்தலைவர், நெறியாளர், பெற்றோர், கடைசி வரியில் ‘நேரடியாகவும் மறைமுகமாகவும் உதவிய அனைவரும்’. அந்தக் கடைசி வரிக்காரர்கள் நீங்கள். உங்களில் ஒருவர்கூட மறைமுகமாக உதவவில்லை என்பதுதான் உண்மை. நடுத்தெருவில் நிறுத்தி, நாலு பேர் கேட்க, ஆளுக்கொரு யோசனை சொல்லித்தான் உதவினீர்கள். ஆகவே நன்றியையும் பகிரங்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

என் ஆய்வு இதுதான்: அமிலத்தில் போட்ட இரும்பு அரிபடுவதைக் கடுக்காய்ச் சாறு எந்த அளவுக்குத் தடுக்கும்? ஆய்வேட்டின் அட்டையில் இதுவே ஆங்கிலத்தில் மூன்று வரிக்கு நீண்டது. ஊருக்கு அது ‘துருப் படிப்பு’. நான் ‘துருக்காரப் பிள்ளை’. (கடுக்காயை வைத்து என் வகுப்புத் தோழர்கள் செய்த கேலிகளை இங்கே எழுதப்போவதில்லை. தமிழ் தெரிந்தவர்கள் தாங்களாகவே ஊகித்துக்கொள்ளலாம்.)

முதல் நன்றி வீட்டுக்கார ஆச்சிக்கு. விடுதியில் இடம் கிடைக்காத எங்கள் மூவருக்கும் மாடி அறையைத் திறந்துவிட்டவர் அவர். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும் வீடு அது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி தனியாக இருந்தார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருப்பார். நாங்கள் செருப்போடு உள்ளே வந்துவிடுவோமோ என்ற கவலை மட்டும் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

வந்த அன்றே என்ன படிப்பு என்று கேட்டார். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று படிக்கிறேன் என்றேன்.

“தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும். இதற்கு இரண்டு வருடமா, ஆத்தா?”

தண்ணீர் மட்டும் போதாது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் வேண்டும், உப்பு சேர்ந்தால் இன்னும் வேகம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கிணற்றடிக்கு அழைத்துப்போய்க் கப்பியைக் காட்டினார். “சிக்ரிக்கு நேரு வந்து கல் நட்டபோது நான் எங்கள் ஐயா தோளில் உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து நீங்கள் எல்லாரும் துருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கப்பி இன்னும் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: சிக்ரி என்பது மத்திய மின்வேதியியல் ஆய்வகம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். துருவைப் பற்றி உலகத் தரத்தில் ஆராய்ச்சி நடக்கும் இடம். அவ்வளவையும் ஒரு கப்பியை வைத்து எடைபோட்டுவிட்டார் ஆச்சி. நான் அந்த ஆய்வகத்து மாணவி அல்ல, பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “எல்லாம் அழகப்பர் கொடுத்த இடம்தானே” என்று முடித்துவிட்டார்.

கப்பிக்கு வருவோம். நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருக்கும் இரும்புதான் சீக்கிரம் துருப்பிடிக்கும். வாளிக் கயிறு தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது, வெயில் காயவைக்கிறது, மறுபடியும் கயிறு. துருவைச் சுரண்டிவிட்டு வாரம் ஒரு தடவை விளக்கெண்ணெய் தடவுங்கள் என்றேன். ஆச்சி தடவினார். துரு நின்றதோடு கிரீச்சென்ற சத்தமும் நின்றது. அந்தச் சத்தம் போனதுதான் வம்பாயிற்று. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து காரணம் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண் விழித்து இறங்கி வந்தபோது, முகப்புத் திண்ணையில் அரிவாள்மனை, பூட்டு, தேங்காய்த் துருவி, காலொடிந்த இரும்புக் கட்டிலின் ஒரு கால், யாருடையதென்றே தெரியாத ஒரு சைக்கிள் மணி எல்லாம் வரிசையாக இருந்தன. உடைமைக்காரர்கள் எதிர்த் திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் செய்த வைத்தியத்தைவிடக் கற்றுக்கொண்டதுதான் அதிகம். துருப்பிடித்த அரிவாள்மனையைப் பார்த்த ஒரு ஆச்சி, தன் மாமியார் கடுக்காயை இடித்து ஊறவைத்த தண்ணீரை இரும்பில் பூசுவார், அது கறுத்துப்போய் அப்படியே நிற்கும், பிறகு துரு ஏறாது என்று சொன்னார். கடுக்காய்ச் சுண்ணாம்பில் சுவர் பூசிய ஊரில் இது தெரியாமல் இருக்குமா? மறுநாள் நெறியாளரிடம் சொன்னேன். எதைச் சொன்னாலும் “பார்க்கலாம்” என்று மட்டுமே சொல்லும் மனிதர், நிமிர்ந்து உட்கார்ந்து “அது டானின்” என்றார். கடுக்காயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்தால் கறுப்பாக ஒரு படலம் உண்டாகும். அந்தக் காலத்து எழுது மையும் ஏறக்குறைய இந்த வேதியியல்தான். அதே டானின் அமிலத்துக்குள்ளும் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு காவல் நிற்குமா என்பதுதான் என் ஆய்வாக மாறியது. ஆகவே, பெயர் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்ட அந்த அரிவாள்மனை ஆச்சிக்கும், நான் பார்த்தேயிராத அவருடைய மாமியாருக்கும் நன்றி. மாமியாரைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதானாம்.

அடுத்து நாட்டு மருந்துக் கடைப் பெரியவர். ஒரு கிலோ கடுக்காய் கேட்டதும் தராசை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடுக்காய் எதற்கு வாங்குவார்கள் என்பது ஊருக்கே தெரியும். வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாளாகச் சிரமம் என்று தணிந்த குரலில் விசாரித்தார். கடையில் வேறு நான்கு பேர் நின்றிருந்தார்கள். வயிற்றுக்கு இல்லை, இரும்புக்கு என்றேன். நம்பவில்லை. வெட்கப்பட்டுப் பொய் சொல்கிறேன் என்று முடிவுகட்டி, ‘காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்’ என்று ஆரம்பித்து, ஒரு மண்டலத்துக்கான கணக்கையும் சொல்லிக்கொடுத்தார். கொட்டையை மட்டும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், கடுக்காய்க்கு அகத்தில் நஞ்சு என்று எச்சரித்தார். இரண்டாம் முறை போனபோது ஆய்வக அடையாள அட்டையைக் காட்டினேன். அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தவர், “இரும்பாகவே இருக்கட்டும், கொட்டையை எடுத்துவிடம்மா” என்றார். எடுத்துவிட்டேன், ஐயா. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் ‘விதை நீக்கப்பட்ட கடுக்காய்த் தோல்’ என்று அச்சாகியிருப்பது உங்கள் உத்தரவுதான்.

லேத் பட்டறை அண்ணனைப் பற்றி எழுதும்போது மட்டும் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. சோதனைக்கு மைல்ட் ஸ்டீல் தகடுகள் வேண்டும். எல்லாம் ஒரே அளவு, ஒவ்வொன்றின் தலையிலும் நூல் கட்டித் தொங்கவிட ஒரு துளை. பெரிய பட்டறைகளில் இந்தச் சில்லறை வேலையைத் தொடக்கூட மாட்டார்கள். அண்ணன் வாங்கிக்கொண்டார். வெட்டி, விளிம்பில் பிசிறில்லாமல் அரம் போட்டு, எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவ்வளவு அழகான தகடுகள். எதற்கு என்று அப்போதுதான் கேட்டார். அமிலத்தில் முக்கி எவ்வளவு கரைகிறது என்று பார்க்க என்றேன். அவர் முகம் போன போக்கை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் விசாரிப்பதுபோலக் கேட்பார்: “தகடெல்லாம் எப்படி இருக்கிறது?” வெறும் அமிலத்தில் போட்டவை மெலிந்துவிட்டன, கடுக்காய் சேர்த்த அமிலத்தில் போட்டவை நன்றாக இருக்கின்றன என்பேன். மெலிந்தவற்றை ஒருநாள் காட்டியபோது, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “அடுத்த தடவை எல்லாவற்றிலும் கடுக்காய் போடக் கூடாதா?” என்றார். ஒப்பிட்டுப் பார்க்கச் சிலவற்றைச் சும்மா விட்டால்தான் அறிவியல் என்று நான் சொன்ன விளக்கம் அவருக்கு எடுபடவே இல்லை. கூலியில் பாதிதான் வாங்கினார். மீதிப் பாதியைக் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

அந்தத் தகடுகளை அமிலத்திலிருந்து சொன்ன நேரத்துக்கு எடுத்துக் கழுவி, உலர்த்தி, ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் நிறுக்க வேண்டும். அரை மணி பிந்தினாலும் கணக்கு கெட்டுவிடும். ஒருமுறை அந்த நேரமும் கொப்புடையம்மன் கோயில் தேரும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆட்டோ ஓட்டுநர் பாதி வழியில் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கும்பிட்டுக்கொண்டு நின்றார். நானும் கும்பிட்டேன், ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. விஷயத்தைச் சொன்னதும், கூட்டத்தில் இருந்த யாரோ ஒருவர், “பிள்ளைக்குப் பரீட்சையாம், வழி விடுங்கள்” என்று குரல் கொடுத்தார். பரீட்சை இல்லை, தகடு என்று திருத்திக்கொண்டிருக்க நேரமில்லை. கூட்டம் விலகியது. சந்துகளுக்குள் புகுந்து ஆட்டோக்காரர் கொண்டுபோய்ச் சேர்த்தார். விடுமுறை நாளில் சாவியோடு எனக்காகக் காத்திருந்த காவலாளித் தாத்தா, மணி பார்த்து, “நாலு நிமிடம் மிச்சம்” என்றார். முகம் தெரியாத அந்தக் குரலுக்கு நன்றி.

பழைய பொருள் கடை அண்ணாச்சிக்கும் ஒரு வணக்கம். கையால் அடித்த பழைய ஆணிகள் சிலவற்றைப் பார்க்கக் கேட்டபோது, காசு வாங்காமல் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். பதிலுக்கு அவர் கேட்டதுதான் விசித்திரம். சென்னையில் ஒருவர் புது இரும்பு வாயிற்கதவைப் பழையதுபோல மாற்றிக் கேட்கிறாராம், துருவைச் சீக்கிரம் வரவழைக்க வழி உண்டா என்றார். ஊரே துருவை விரட்ட வழி கேட்கும்போது வரவேற்கக் கேட்டவர் இவர் ஒருவர்தான். எங்கள் ஊரில் ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள், போதும் என்றேன்.

எங்கள் ஊர் வேதாரண்யம். அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. என்னைப் பார்க்க வந்தபோது ஒரு பை உப்பு கொண்டுவந்தார். ராஜாஜி 1930இல் உப்பெடுத்த ஊரா என்று மரியாதையோடு எழுந்து நின்று வாங்கிக்கொண்ட ஆச்சி, அடுத்த வினாடியே அதைக் கப்பிக்கும் பணியாரக் கல்லுக்கும் எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்தார். “அப்பா துருவை வளர்க்கிறார், மகள் துருவைக் கெடுக்கிறாள். வீட்டில் எப்படி ஒத்துப்போகிறீர்கள்?” என்று கேட்டார். அப்பா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அன்று ஆச்சி சுட்டுக் கொடுத்த வெள்ளைப் பணியாரத்தையும் வரமிளகாய்த் துவையலையும் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். (பணியாரக் கல் துருப்பிடிக்காததற்குக் காரணம் சூட்டில் இறுகிய எண்ணெய்ப் படலம். இதை நான் சொன்னபோது ஆச்சி, “அதனால்தான் சோப்புப் போடாதே என்று உன்னிடம் கத்தினேன்” என்றார்.)

நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்பு அன்று, எரியும் திரியோடு அப்படியே விழுங்க வேண்டிய இனிப்பு மாவை (இழை என்பார்கள்) ஆச்சி எனக்கும் நீட்டினார். என் கண் தானாகத் தீயணைப்பானைத் தேடியது. ஆய்வகப் பழக்கம். “அமிலத்தோடு மல்லுக்கட்டுகிறவள் இந்தச் சின்னத் தீக்குப் பயப்படுகிறாயே” என்றார். விழுங்கினேன். இனிப்பாக இருந்தது.

ஜெராக்ஸ் கடைத் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. பிரதி எடுக்கும்போதே எல்லாருடைய ஆய்வேட்டையும் படித்துவிடுகிற பிள்ளை அது. என்னுடையதைப் புரட்டிவிட்டு, “அக்கா, போன வருடம் வந்தவர்களும் முதல் பக்கத்தை இப்படியேதான் ஆரம்பித்திருந்தார்கள்” என்றான். அன்றிரவே முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அரிவாள்மனையில் தொடங்கி எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் அந்தப் பக்கத்தைத்தான் பாராட்டினார்.

என் அறைத் தோழிகள் இருவருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை. விடியற்காலை அலாரத்துக்கு அவர்கள் எழுந்து என்னை எழுப்பியது உண்மைதான், ஆனால் என் சட்டைகளில் அமிலம் பட்டு விழுந்த ஓட்டைகளை எண்ணிப் பந்தயம் கட்டினார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வேலையை எங்கள் துறைத் தம்பி ஒருவன் தொடரப்போகிறான். நாட்டு மருந்துக் கடை ஐயா, அவன் கூச்ச சுபாவக்காரன், நாலு பேர் முன்னால் வயிற்றைப் பற்றி விசாரிக்காதீர்கள். பட்டறை அண்ணே, அவன் ஆய்விலும் பாதித் தகடுகள் கரையத்தான் செய்யும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். ஆச்சி, அவனை வீட்டில் தங்கவைக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை திண்ணைக்கு மட்டும் வரச்சொல்லியிருக்கிறேன். சைக்கிள் மணிக்காரர் இன்னும் வந்து வாங்கவில்லை. அதை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உப்பளத்தார் மகள்,
வேதாரண்யம்