செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025: படுவான்கரைப் பிள்ளைகளும் பல்கலைக்கழக அனுமதியும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இயங்கும் எமது கல்வி அபிவிருத்திச் சங்கத்தின் 2024/2025 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையை இச்சபையின் முன் சமர்ப்பிக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக முன்வைப்பார். நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் மட்டும் கூட்டம் பிற்போடப்பட்டது.

இந்த ஆண்டில் எம்மை உலுக்கிய நாட்கள் 2024 நவம்பரின் வெள்ள நாட்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சை 25 ஆம் திகதி ஆரம்பமானது. மறுநாளே, காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தில் வந்த மத்ரஸா மாணவர்களை வெள்ளம் அடித்துச் சென்ற செய்தி கிடைத்தது. எங்கள் ஊர்களிலும் மாரியில் தண்ணீரைக் கடக்க உழவு இயந்திரத்தைத்தான் நம்பியிருக்கிறோம். எக்காரணம் கொண்டும் பரீட்சார்த்திகளை அப்படி ஏற்றி அனுப்புவதில்லை என்று அன்றிரவே முடிவெடுத்தோம். 27 ஆம் திகதி பரீட்சை நாடு முழுவதும் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 4 ஆம் திகதி மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில், வயல்வெளிகளுக்கு அப்பால் உள்ள பிள்ளைகளைப் பரீட்சை நிலையத்துக்கு அருகிலுள்ள உறுப்பினர்களின் வீடுகளுக்கு அழைத்து வந்தோம். ஒரு வீட்டில் கூடத்தில் பாய் விரித்துப் பெண்பிள்ளைகள் வரிசையாகப் படுத்தார்கள். மின்சாரம் நின்ற இரவுகளில் ஒரே லாம்பைச் சுற்றியிருந்து படித்தார்கள். அந்த வீட்டு அம்மா விடியும் முன்பே பிட்டு அவித்துக் கொடுத்து, ஒவ்வொருவரின் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் வைத்து அனுப்பினார். தமது பெயரை இங்கே சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். சங்கம் அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

பெறுபேறுகள் 2025 ஏப்ரல் இறுதியில் வெளிவந்தன. நாடு முழுவதும் 170,000 இற்கும் மேற்பட்டோர் பல்கலைக்கழகம் செல்லத் தகைமை பெற்றார்கள். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதோ ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் முறையை எமது பெற்றோர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஆகையால் அதைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகின்றன. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகிறது. மீதி 5 வீதம், கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குரியது. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும். 1970களின் நடுப்பகுதியில் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது பயன்பெற்ற மாவட்டங்களில் எமதும் ஒன்று. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை, மறக்கவும் இல்லை.

ஆனால் எந்த மாவட்டம் பின்தங்கியது என்று பார்க்கும் இந்த முறை, மாவட்டத்துக்குள் யார் பின்தங்கியவர் என்று பார்ப்பதில்லை. வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையும் நகரமும் சேர்ந்த பக்கத்தில் 1814 முதல் இயங்கும் மெதடிஸ்த மத்திய கல்லூரி இருக்கிறது; ஆய்வுகூடம், நிரந்தர பௌதிகவியல் ஆசிரியர், மாலையில் நடந்தே போகக்கூடிய தனியார் வகுப்பு என எல்லாம் இருக்கின்றன. மேற்கே படுவான்கரையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைக் கொண்ட 1ஏபி பாடசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்றவை கலை, வர்த்தகத்தோடு நிற்கும் 1சி பாடசாலைகள், அல்லது 11 ஆம் தரத்தோடும் அதற்கு முன்பும் முடிந்துவிடும் சிறு பாடசாலைகள். இசட் புள்ளி (உயர்தரப் பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) வரிசையில் இரண்டு கரைப் பிள்ளைகளும் ஒரே மாவட்டப் பட்டியலில்தான் நிற்கிறார்கள். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டக்களப்புக்குக் கிடைக்கும் இடங்களில் படுவான்கரையின் பங்கு சொற்பமாக இருப்பதில் வியப்பென்ன? எழுவான்கரைப் பிள்ளைகள்மீது எமக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அவர்களும் எமது பிள்ளைகளே. எமது பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கைநழுவுவது உயர்தரப் பரீட்சை மண்டபத்தில் அல்ல, 11 ஆம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த வாரத்தில் என்பதுதான் நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. அந்த வாரத்தில் அவள் விரும்பிய பாடத்தை அல்ல, பக்கத்துப் பாடசாலையில் இருக்கும் பாடத்தைத் தெரிவு செய்கிறாள்.

அதனால்தான் சங்கத்தின் பெரும் உழைப்பு 10 ஆம், 11 ஆம் தரங்களிலேயே செலவானது. வார இறுதிக் கணித, விஞ்ஞான வகுப்புகளை கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிக்கும் எமது ஊர்ப் பிள்ளைகளே ஊதியமின்றி நடத்தினார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் வகுப்பை நீட்டுவதில்லை. யானை நடமாட்டமுள்ள பாதைகளால் வீடு திரும்பும் பிள்ளைகள் பொழுது சாயும் முன் போய்ச் சேர வேண்டும். நகரத்தில் பிள்ளைகள் வகுப்புக்குப் புறப்படும் நேரத்தில் எமது வகுப்பு முடிந்துவிடுகிறது.

சாதாரண தரத்தில் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் சிறந்த சித்தி பெற்ற ஒரு மாணவியின் வீட்டுக்குத் தலைவரும் நானும் சென்றோம். தகப்பனார் வேளாண்மைக் கூலி. மகளுக்கென்று கட்டத் தொடங்கிய வீடு யன்னல் மட்டத்தில் நின்றது. “தம்பி, விஞ்ஞானம் படிக்கக் கல்லடிக்கு அனுப்பினால் தங்குமிடத்துக்குக் காசு வேண்டும். சுவரை எழுப்பினால் நாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்க்கை இருக்கும். ரெண்டும் என்னால் ஏலாது” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கட்டிக்கொடுக்கும் எமது வழமையில் அந்தச் சுவர் சிறு விடயமல்ல. தங்குமிடத்தை எமது உறுப்பினர் ஒருவரின் சகோதரி கல்லடியில் ஏற்றுக்கொண்டார். பஸ் செலவைச் சங்கம் ஏற்றது. அந்த மாணவி இப்போது உயிரியல் பிரிவில் படிக்கிறார். ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்யலாம். ஊர் ஊராக உள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுதிதான் வழி. 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் சுவாமி விபுலாநந்தரால் தொடங்கப்பட்ட இதே மண்ணில், இராமகிருஷ்ண மிஷனின் மாணவர் இல்லம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் இடமும் கொடுத்தது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் பாதைக்கு (வாவியைக் கடக்கும் மிதவைப் படகுக்கு) காத்திருக்கும் தொல்லை தீர்ந்தது உண்மை. அதைக் கடந்து காலை ஏழரைக்கு முன் வகுப்பறை சேர்க்கும் பஸ் இன்னும் எல்லா ஊருக்கும் இல்லை.

அனுமதி விண்ணப்பங்கள் நிரப்பும் முகாமை நூலகக் கட்டடத்தில் நடத்தினோம். விண்ணப்பம் இணையவழியானது, பல வீடுகளில் ஒரு கைத்தொலைபேசிதான், அதுவும் தகப்பனுடன் வயலில் இருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, எந்தக் கற்கைநெறியை எந்த வரிசையில் போடுவது என்று பிள்ளைகளுடன் உட்கார்ந்தோம். அறிந்த பெயர்கள் நாலைந்தோடு நிறுத்திவிட இருந்த பிள்ளைகள், தமது இசட் புள்ளிக்கு எட்டக்கூடிய எத்தனையோ கற்கைநெறிகள் இருப்பதை அங்கேதான் கண்டார்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஏனைய மாற்றுத்திறனாளிகளுக்கும் விசேட அனுமதி ஏற்பாடு உண்டு என்பது பெற்றோருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அடுத்த முகாமில் இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். இடம் கிடைக்காதவர்களுக்குத் தாளங்குடா தேசிய கல்வியியற் கல்லூரி, கோவில்குளம் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், திறந்த பல்கலைக்கழகம் ஆகியவற்றின் விவரங்களை வழங்கினோம்.

அனுமதி கிடைத்த பின்னும் கவலை முடிவதில்லை. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல மாதாந்த உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், அது கிடைக்காதோருக்கான நிதியுதவி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டதை வரவேற்கிறோம். ஆயினும் முதல் தவணை கைக்கு வரும் முன்பே பிள்ளை மெத்தை வாங்க வேண்டும், பெலிஹுல்ஓயாவுக்கோ மாத்தறைக்கோ பஸ் ஏற வேண்டும், மடிக்கணினி இல்லாமல் ஒப்படை எழுத வேண்டும். தாயின் தோடு அடகுக் கடைக்குப் போவது இந்த மாதங்களில்தான். வெளிநாட்டில் வாழும் எமது ஊர் உறவுகள் அனுப்பிய பணத்தில் ஆரம்ப உதவி நிதியொன்றைத் தொடங்கியுள்ளோம். வட்டியில்லை, படித்து வேலைக்குப் போனபின் திருப்பித் தந்தால் போதும். சிங்கள மொழிச் சூழலுக்கு முதன்முறையாகப் போகும் பிள்ளைகளுக்கு அடிப்படைச் சிங்கள வகுப்பும் ஆங்கில வகுப்பும் நடந்தன. ஆங்கில வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இன்னும் தேவை.

வகுப்பறை தந்த அதிபர்களுக்கும், கற்பித்த பல்கலைக்கழக மாணவர்களுக்கும், நிதி தந்த உறவுகளுக்கும், ஆலய பரிபாலன சபையினருக்கும் நன்றி கூறுகிறேன்.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறது. படுவான்கரையில் ஏற்கனவே உள்ள 1ஏபி பாடசாலைகளுக்குப் பெண்பிள்ளைகள் விடுதியும் விஞ்ஞான, கணித ஆசிரியர்களும் முன்னுரிமையாக வழங்கப்பட வேண்டும். மாவட்டத்தோடு சேர்த்து, பிள்ளை படித்த பாடசாலையின் வசதிக் குறைவையும் பல்கலைக்கழக அனுமதியில் கருத்தில் எடுக்க வேண்டும். உரிய இடங்களுக்கு அனுப்புவதற்கான வரைவு இவ்வறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளது. அதைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்