மைதானத்தில் அப்பாவின் நெஞ்சை அழுத்திய அக்காவுக்கு

கோவில்பட்டி ஆக்கி மைதானத்துக்குக் காலையில் நடக்க வந்த அக்கா, உங்கள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அப்பா சுருண்டு விழுந்ததும் பையன்கள் தண்ணீர் எடுக்க ஓடினார்களாம், நீங்கள்தான் மூச்சில்லை என்று பார்த்து, ஒருவனை 108-க்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து விடாமல் அழுத்தியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டுமாம், அப்புறம்தான் படித்தேன். கை என்ன வலி வலித்திருக்கும்!

அப்பா பிழைக்கவில்லை. ஆனால் அந்த வாரம் கண் விழித்தார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார், பேத்தியைப் பார்த்தார், சின்னப் பையன்களுக்குக் காலில் அடிபடாமல் கட்டிக்கொள்ளும் ஷின்கார்டு வாங்க எடுத்து வைத்திருந்த பணத்தை எனக்கு ஞாபகப்படுத்தினார். (அதுதான் அவர்.) தீப்பெட்டி ஆலையில் வேலை முடிந்தால் நேராக மைதானம், உடைந்த மட்டைக்கு டேப் சுற்றுவது, நன்றாக ஓடினவனுக்கும் ஓடாதவனுக்கும் ஒரே அளவு கடலைமிட்டாய், ராத்திரி எவ்வளவு நேரமானாலும் வீட்டுக்கு வந்து எங்களோடு உட்கார்ந்துதான் சாப்பாடு.

அந்தச் சில நாட்கள் நீங்கள் கொடுத்தவை, ரொம்ப நன்றி அக்கா. இதைப் பார்த்தால் மைதானத்தில் எந்தப் பையனிடமாவது சொல்லி அனுப்புங்கள், அம்மா உங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். நெஞ்சை அழுத்தும் முறையைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம், நீங்களே வந்தால் இன்னும் சந்தோஷம்.