விரிசல் விட்ட பச்சைத் துண்டு

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ அனுப்பிய பொட்டலம் வந்து சேர்ந்தது. பஞ்சில் சுற்றியிருந்த பச்சைக் கடல் கண்ணாடித் துண்டை, அலை தேய்த்து மழுக்கிக் கரையில் ஒதுக்கிய அந்தக் கண்ணாடிச் சில்லை, முதலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகையில் கோர்க்க நீ போட்ட துளையின் முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பின்பக்கத்தில்தான் எள்ளளவு சில்லு பெயர்ந்து, அங்கிருந்து ஒரு விரிசல் ஓரம் வரை ஓடியிருக்கிறது. கை நடுங்கியதால் உடைந்ததென்று எழுதியிருந்தாய். எனக்கு அதில் அவசரம்தான் தெரிகிறது. டிரில் முனை மறுபக்கத்தை எட்டும் நேரத்தில், மிஞ்சியிருக்கும் மெல்லிய ஏடு அழுத்தம் தாங்காமல் பெயர்ந்துவிடும். ஆகவே பாதி ஆழம் போனதும் துண்டைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலிருந்து தொடங்கி, இரண்டு துளைகளும் நடுவில் சந்திக்கும்படி செய். ஆழமில்லாத தட்டில் துண்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, வைரத்துகள் பதித்த முனையைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அடிக்கடி தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். தண்ணீர் சூட்டைத் தணிப்பதோடு தூளையும் பறக்கவிடாது. சிப்பித் தூளும் நுரையீரலுக்கு ஆகாது என்பதால், அதையும் ஈரத்திலேயே துளையிடு, முகக்கவசமும் அணிந்துகொள். கருவியின் உடல் தண்ணீரில் படக்கூடாது என்பது உனக்குத் தெரியும். தெரிந்ததையும் சொல்லிவிடுவது என் வழக்கம்.

சோழிகளின் பளபளப்பு ஏன் போயிற்று என்று கேட்டிருந்தாய். அவற்றை வினிகரில் ஊறவைத்தாய் அல்லவா? சோழியும் சிப்பியும் சங்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பின் இனம். அமிலம் அதைக் கரைத்துவிடும். மென்மையான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். கண்ணாடியைவிடச் சிப்பி மென்மையானது. இரண்டையும் ஒரே சரத்தில் கோர்க்கும்போது இடையில் ஒரு முடிச்சுப் போடாவிட்டால், நாளடைவில் கண்ணாடி உரசிச் சிப்பியில் கீறல் விழும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். நீ விலைக்கு வாங்கியதாகச் சொன்ன ஏழு நீலத் துண்டுகளையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். ஏழும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே சீரான மங்கல். அலையும் மணலும் பல பத்தாண்டுகள் புரட்டிய துண்டில், கல்லில் மோதிய இடங்களில் பிறை வடிவச் சிறு வடுக்கள் தெரியும்; கண்ணாடியிலுள்ள சோடாவும் சுண்ணாம்பும் தண்ணீரில் மெல்லக் கசிந்து போவதால் மேற்பரப்பு மேடுபள்ளமாக அரிக்கப்பட்டிருக்கும். உன் பச்சைத் துண்டில் இவை இரண்டும் இருக்கின்றன, நீலத்தில் ஒன்றுகூட இல்லை. அவை கடலில் தேய்ந்தவையல்ல, இயந்திரத்தில் உருட்டி மங்கலாக்கியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பச்சை, பழுப்பு, வெள்ளைதான் கரையில் அதிகம் கிடைக்கும். அடர்நீலம் அரிது, சிவப்பு அதனினும் அரிது. அப்படியிருக்க, ஒரே கையில் ஏழு நீலம் வந்தபோதே நீ ஐயப்பட்டிருக்கலாம்.

உருட்டிய கண்ணாடியில் நகை செய்வது குற்றமில்லை. அந்த நீலம் எனக்கும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் விற்கும்போது அட்டையில் 'உருட்டிய கண்ணாடி' என்றே எழுது. கடல் கண்ணாடி என்று நம்பி வாங்கியவர், என்னைப்போல் ஒரு நாள் அதை உருப்பெருக்கியில் பார்ப்பார். அதன்பின் நீ உண்மையாகப் பொறுக்கியெடுத்த பச்சையையும் அவர் நம்பமாட்டார்.

பொறுக்கும்போதும் ஒன்றைக் கவனி. சங்கைக் கவிழ்த்து உள்ளே பார்க்காமல் பையில் போடாதே. நத்தை செத்துக் காலியான கூட்டில் துறவி நண்டு குடியிருக்கக்கூடும்.

பச்சைத் துண்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. 0.8 மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பியால், சில்லு பெயர்ந்த ஓரம் மறையும்படி சுற்றிக் கட்டிப் பதக்கமாக்கி, இத்துடன் வைத்திருக்கிறேன். இனி எடை கம்பியில்தான் நிற்கும், துளையில் அல்ல. கம்பி முனையை உள்பக்கமாக மடித்துக் குறடால் அழுத்தியிருக்கிறேன்; அணிந்து பார்த்து, கழுத்தில் எங்காவது உறுத்தினால் எழுது.

அன்புடன்,
அம்மா